காலிக் கட்டம்

மாடிப்படி ஏறும்போது யார் வீட்டிலோ தக்காளி சுண்டிக்கொண்டிருந்தது. வாணலியில் இல்லை, கல்சட்டியில். அந்த வித்தியாசம் மூக்குக்குத் தெரியும். இரும்பில் வேகும் தக்காளி அவசரப்படும். கல்லில் வேகும் தக்காளி யோசித்து யோசித்துப் புளிக்கும்; கடைசியில் வெந்தயப் பொடி விழும்போது ஒரு கசப்பு எழுந்து நின்று எல்லாவற்றையும் அடக்கும். காய்கறிப் பையைப் படியில் வைத்துவிட்டு நின்றேன். இரண்டு மாடிகளுக்கு நடுவில் பாலக்கோடு வந்து நின்றது. அவரும் வந்தார், கையில் ஆம்பிளைக் குடையோடு.

எண்பதுகளின் நடுவில் அந்த ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் தமிழ் டீச்சர். அவர் சரித்திர டீச்சர். பாத்திரக் கடையில் பெயர் வெட்டும் பாய் ஒருவருடைய வீட்டுப் பின்கட்டில் இருவரும் ஒன்றாகக் குடியிருந்தோம். பள்ளியில் அவரை டீச்சர் என்பேன், வீட்டில் அக்கா. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். கடத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். நடை வேகம், பேச்சு நிதானம். சாயங்காலம் தக்காளி மார்க்கெட் கலையும் நேரம் பார்த்துப் போவார். லாரி ஏற முடியாமல் தங்கிவிட்ட, தோல் வெடித்த பழங்களாகப் பார்த்து வாங்கி வருவார்.

"இதுல ஏமாத்து இல்ல பாரு. உள்ள என்னா இருக்குதுன்னு அதுவே சொல்லிடுச்சு."

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்காத டீச்சர் பள்ளியில் கிடையாது. மற்றவர்களாக இருந்தால் ஜாதகம், தங்கை, அப்பாவின் சாவு என்று ஏதாவது சொல்லி வாயை அடைத்திருப்பார்கள். அவர் உண்மையாகவே கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு, "தெரியலையே" என்பார். கேட்டவர்தான் சங்கடப்பட்டு எழுந்து போவார்.

தெரியாது. அவரை நினைத்தால் முதலில் இந்தச் சொல்தான் வருகிறது. நாமெல்லாம் இதைச் சொல்லும்போது குரல் தாழும். அல்லது கதவைச் சாத்துவதுபோல் பட்டென்று வரும். அவர் சொல்லும்போது அதில் ஒரு மரியாதை இருக்கும். பந்தியில் இன்னும் வந்து சேராத ஒருவருக்காக இலை போட்டு, தண்ணீர் தெளித்து, பக்கத்தில் யாரையும் உட்காரவிடாமல் பார்த்துக்கொள்வதுபோல.

சிந்துவெளி நாகரிகம் நடத்தும் வாரத்தில் பள்ளிக்கூடமே அவர் வகுப்பின் ஜன்னலில்தான் நிற்கும். கலர் சாக்பீஸைத் தன் காசில் வாங்கி வருவார். கரும்பலகை முழுக்க ஒரு முத்திரை வரைவார். ஒற்றைக் கொம்பு மாடு, அதன் முன்னால் எதற்கென்று விளங்காத ஒரு தண்டு, மேலே வரிசையாக மீன், ஏணி, அம்பு போன்ற குறிகள். மாட்டின் கழுத்து மடிப்புக்கு மட்டும் கால் மணி நேரம் ஆகும். பிறகு குறிகளுக்குக் கீழே ஒரு கட்டம் போட்டு, ‘பொருள்’ என்று மேலே எழுதி, உள்ளே ஒன்றும் எழுதாமல் கையைத் தட்டிக்கொண்டு இறங்குவார்.

"கட்டத்தையும் சேத்து வரையணும்."

"உள்ள என்னாங்க டீச்சர் எழுதறது?"

"எழுதாத. இன்னும் யாரும் படிக்கல. படிக்கறவங்க வந்து எழுதிக்குவாங்க. எடம் மட்டும் வுடு."

ஒவ்வொரு பெண்ணின் நோட்டிலும் அந்தக் காலிக் கட்டம் இருந்தது. அதில் பூ வரைந்த ஒருத்தியைக் கூப்பிட்டு ரப்பர் கொடுத்து அழிக்கச் சொன்னார். திட்டவில்லை. "அடுத்தவங்க எடத்துல கோலம் போடலாமா?" என்று மட்டும் கேட்டார்.

பரீட்சை என்று ஒன்று இருக்கிறதே. புத்தகத்தில், மூன்று முகமும் கொம்பும் வைத்து, மிருகங்கள் சூழ உட்கார்ந்திருக்கும் உருவம் சிவபெருமானின் பழைய வடிவம் என்று இருந்தது. அதை அப்படியே எழுதுங்கள், கடைசியில் ‘என்று கருதப்படுகிறது’ என்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், மார்க் குறையாது என்று சொல்லிக் கொடுத்தார். அந்த வருடம் பள்ளிக்கூடத்தையே அந்த வார்த்தை பிடித்துக்கொண்டது. ஒருத்தி என்னிடம் வந்து, "டீச்சர், நான் வீட்டுப்பாடம் செஞ்சாச்சுன்னு கருதப்படுதுங்க" என்றாள். சத்துணவுக் கூடத்தில் சாம்பாரில் பருப்பு இருப்பதாகக் கருதப்பட்டது. தலைமையாசிரியை அறையில் இருப்பதாகக் கருதப்பட்டார்.

இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி ஒருவர் பின் பெஞ்சுப் பெண்ணை எழுப்பினார். சிந்துவெளி மக்கள் கும்பிட்ட தெய்வம் எது?

"தெரியாதுங்க சார்." அவள் பயப்படவேயில்லை. "அவங்க எழுதி வச்சிருக்காங்க. நமக்குத்தான் படிக்கத் தெரியல."

அவர் டீச்சரைப் பார்த்தார். "என்னம்மா இது, புஸ்தகத்துல தெளிவா இருக்குதே."

"புஸ்தகத்துல தெளிவா இருக்குதுங்க சார். கல்லுல இல்ல. பாத்தா சிவன் மாதிரிதான் இருக்குது. நானும் தினம் கும்பிடறவதான், எனக்கும் ஆசைதான். ஆனா அந்தத் தலைக்கு மேல பேரு மாதிரி என்னமோ எழுதியிருக்காங்க. அதப் படிக்காம நாம ஒரு பேரு வச்சிட்டா, அவங்க வச்ச பேரு என்னாகறது?"

அதிகாரி பேனாவை மூடினார். அவர் என்ன எழுதினாரோ, எங்களுக்குத் தெரியாது.

நானும் தினம் கும்பிடறவதான் என்று அவர் சொன்னது நிஜம். குளித்து நெற்றி நிறைய விபூதி வைக்காமல் வெளியே வரமாட்டார். வெள்ளிக்கிழமை கோயில் தப்பாது. சந்நிதியில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுக்க, அவர் மட்டும் கண்ணை அகலத் திறந்துகொண்டு, கை கூப்பாமல், பஸ்ஸில் வரப்போகும் சொந்தக்காரரைத் தேடுகிறவர் மாதிரி நின்றிருப்பார்.

"என்னக்கா வேண்டிக்குவீங்க?"

"ஒண்ணும் கேக்கறதில்ல. போறேன், நிக்கறேன், வந்துடறேன்."

"சாமி இருக்குதான்னாவது தெரியுமா?"

"தெரிஞ்சா எதுக்குடி வாரா வாரம் போய்ப் பாக்கப் போறேன்?"

அந்தக் கல்சட்டி ஒருநாள் உடைந்தது. சேலம் சந்தையில் வாங்கி, கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்கிய சட்டி. தொக்கோடு இரண்டாகப் பிளந்து அடுப்பை அணைத்தது. நான் ஐயோ என்று வாயில் கைவைத்தேன். அவர் துண்டுகளைக் கழுவி வெயிலில் காய வைத்து, ஒரு தட்டையான துண்டை நகத்தால் கீறிப் பார்த்தார். வெள்ளையாகக் கோடு விழுந்தது.

"மாவுக்கல்லு. அவங்க முத்திரை வெட்டினதும் இந்த மாதிரிக் கல்லுலதான். பாரேன், இத்தன நாளும் அதுலயா தொக்கு கிண்டியிருக்கோம்."

அப்படியே எடுத்துக்கொண்டு முன்கட்டுக்குப் போனார். பாய் அப்போதுதான் கடையிலிருந்து வந்து உளியும் சுத்தியும் துடைத்துக்கொண்டிருந்தார். சம்படம், குடம், தாம்பாளம் என்று அந்த வட்டாரத்துச் சீர்வரிசைப் பாத்திரங்களில் பாதிக்கு அவர் வெட்டிய பெயர்தான். தமிழ், உருது, தெலுங்கு எதுவானாலும் வெட்டுவார். ஆனால் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்: யார் பெயர் என்று தெரியாமல் உளி வைக்கமாட்டார். திருட்டுப் பாத்திரத்துக்குப் புதுப்பெயர் வெட்டக் கேட்டு ஆள் வருவதுண்டு.

டீச்சர் புத்தகத்தில் இருந்த படத்தைக் காட்டினார். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"மாடு வெட்டிடலாம். மேல இருக்கறது யாரு பேரும்மா?"

"தெரியாதுங்க பாய்."

"உங்களுக்குத் தெரியாதா, இல்ல..."

"யாருக்குமே தெரியாது."

பாய் சிரித்தார். "பாத்திரம் உங்களுது, பேரு மட்டும் உங்களுது இல்ல. என் தொழிலுக்கே ஆவாத வேலைம்மா இது." அப்புறம் அவராகவே சமாதானமானார். "சரி. உடையவன் வந்து கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

ஒரு வாரம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து வெட்டினார். மாட்டின் கொம்பு, கழுத்து மடிப்பு, கண். அப்படியொரு நேர்த்தி. முடித்த அன்று டீச்சர் களிமண் உருண்டையைப் பிசைந்து, தட்டி, முத்திரையை வைத்து அமுக்கி எடுத்தார். நாங்கள் குனிந்து பார்த்தோம். மாடு திரும்பி நின்றிருந்தது. புத்தகத்தில் இருந்தது களிமண்ணில் பதிந்த பதிவின் படம். பாய் வாழ்நாளெல்லாம் பாத்திரத்தில் நேராகப் பெயர் வெட்டிய பழக்கத்தில், பார்த்ததைப் பார்த்தபடியே கல்லில் வெட்டிவிட்டார். மாற்றி வெட்ட வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, டீச்சருக்கும் தோன்றவில்லை.

பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வுடுங்க பாய். படிக்கத் தெரியாதவங்க வெட்டினா இப்படித்தான் வரும். புள்ளைங்களுக்குச் சொல்ல நல்ல பாடம்."

வகுப்பில் அந்தத் தப்பு முத்திரையைத்தான் கையிலிருந்து கைக்குக் கொடுப்பார். இது நம்ம மாடு, அவங்க மாடு அந்தப் பக்கம் போவும் என்பார். ஊரை விட்டுப் போகும்போது அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இதை எழுதும் மேசையில் அது இருக்கிறது. மூக்கருகில் கொண்டுபோனால் புளிப்பு இன்னும் இருப்பதாகக் கருதுகிறேன். அந்தக் குறிகளைப் படித்துவிட்டோம் என்று அவ்வப்போது யாராவது சொல்கிறார்கள். நான் ஒவ்வொரு தடவையும் ஆவலாக வாசித்துவிட்டு, அவரைப் போலவே கட்டத்தைக் காலியாக விட்டுவைக்கிறேன்.

வேடிக்கை இதுதான். படிக்க முடியாத எழுத்தைப் பற்றி இவ்வளவு பேசியதால், பாலக்கோட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் அவருக்குப் பழைய எழுத்தெல்லாம் படிக்கிற டீச்சர் என்று பெயராகிவிட்டது. பெண்கள் வீட்டில் போய் என்ன சொன்னார்களோ. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், காரிமங்கலம் போகும் பாதையில் உள்ள ஒரு கிராமத்தின் ஊர்க்கவுண்டர் பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றார். பெரியவர். தோளில் போட வேண்டிய துண்டில் எதையோ சுற்றிக் கையில் வைத்திருந்தார்.

"வணக்கமுங்க டீச்சரு. எம் பேத்தி உங்ககிட்டதான் படிக்குது. நீங்கதான் இத ஒரு வார்த்தை படிச்சுச் சொல்லணும்."

துண்டைப் பிரித்தார். கறுப்பும் சிவப்புமாக ஒரு பழைய பானையின் கழுத்துப் பகுதி, கை அகலம். தோளில் கூர்மையான எதனாலோ கீறிய மூன்று குறிகள். ஓர் ஏணி, ஓர் அம்பு, குறுக்கே கோடு போட்ட வட்டம்.

"மாதம்மான்னு ஒரு பொம்பள. கன்னடக்காரவங்க. புருசன் செத்துட்டான். குப்பக்குழி தோண்டறப்ப இது வந்திச்சுன்னு அது சொல்லுது. உள்ள சாம்பலும் எலும்புத் துண்டும் இருந்திச்சுங்க. பக்கத்துக் காடு என் தம்பியோடது. அவன் ஏர்மாடு ரெண்டும் அடுத்தடுத்து வுழுந்து செத்துடுச்சு. பானை தானா வரல, அவ வச்சதுன்னு அவன் நிக்கறான். செய்வினைங்கறான். ஊருல பாதிப் பேரு அவன் பக்கம். ஞாயித்துக்கெழம கூடறோம். செய்வினைதான்னு ஆயிட்டா அந்தப் பொம்பள ஊருல இருக்க முடியாதுங்க. எழுத்துன்னு ஒண்ணு இருக்குதே, படிச்சவங்க படிச்சா முடிஞ்சிரும்னு நான்தான் சொன்னேன்."

மாதம்மாவின் மகள் ஜெயா பத்தாம் வகுப்பில் இருந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் வரவில்லை. ஏன் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

டீச்சர் அந்தப் பானைக் கழுத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறலின் பள்ளத்தில் விரலை ஓட்டினார். பிறகு துண்டில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார்.

"இத எடுத்துகினு ஞாயித்துக்கெழம நீங்க வந்துடுங்க. நானும் வர்றேன். அங்கயே பேசிக்கலாம்."

அன்று சாயங்காலம் எனக்கும் அவருக்கும் சண்டை. இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது என்று நான் நினைத்தேன். முருகன் பெயர் எழுதியிருக்கிறது, அதோ பாருங்கள் வேல் என்று சொன்னால் முடிந்தது. ஊர் கும்பிட்டுவிட்டுக் கலைந்து போகும், ஒரு பொம்பளை வீட்டில் நிம்மதியாக அடுப்பெரியும்.

"சொல்லலாம்" என்றார். "இன்னைக்கு நான் முருகன்னு படிப்பேன், நம்புவாங்க. அடுத்த மாசம் இன்னொருத்தருக்கு மாடு சாகும். வேற ஒருத்தன் வருவான், அதே அம்பக் காட்டி சூலம்பான், ஏவல்பான். என்னவிடச் சத்தமாப் படிப்பான். அப்ப மாதம்மா எங்க போவா? யாரு வேணா என்னா வேணா படிக்கலாம்னு தொறந்து வுட்டவ நானாத்தான் இருப்பேன்."

"அதுக்காக தெரியாதுன்னு சொல்லி அந்த அம்மாவ நடுத்தெருவுல வுடுவீங்களா?"

அவர் எழுந்து தக்காளி நறுக்கப் போனார். ராத்திரி தொக்கில் உப்புப் போட மறந்துவிட்டார். அப்போதுதான் அவருக்கும் பயம் என்று எனக்குப் புரிந்தது.

மாரியம்மன் கோயில் முன்னால் புளியமரத்தடியில் ஊர் கூடியிருந்தது. ஆண்கள் உட்கார்ந்திருக்க, பெண்கள் கோயில் சுவரோரம் நின்றார்கள். மாதம்மா தனியாக, வெயிலில். நாற்பது வயதிருக்கும், ஒல்லி. முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தார். ஜெயா எங்களைப் பார்த்ததும் அழத் தொடங்கினாள். பானையின் கழுத்து ஒரு வாழையிலைமேல் இருந்தது. யாரும் அதன் பக்கத்தில் போகவில்லை.

ஊர்க்கவுண்டர் முதலில் மாதம்மாவைத்தான் கேட்டார். "யாரு வச்சது இது? மாரியம்மா முன்னால சொல்லு."

"நனகெ கொத்தில்ல சாமி." பயத்தில் கன்னடம் வந்துவிட்டது. உடனே தமிழில் சொன்னார். "எனக்குத் தெரியாதுங்க. தோண்டினேன், இருந்திச்சு."

"தெரியாதாம்" என்று ஒரு குரல் சிரித்தது. அதுதான் தம்பிக்காரர்.

டீச்சர் முன்னே போய் அந்தப் பானைக் கழுத்தைக் கையில் எடுத்தார். கூட்டம் மூச்சைப் பிடித்தது. எல்லாப் பக்கமும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார்.

"எனக்கும் இதப் படிக்கத் தெரியலைங்க."

ஒரே வெயிலில் இரண்டு பெண்கள் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டு நின்றார்கள்.

தம்பிக்காரர் எழுந்தார். "கேட்டுக்குங்கய்யா. படிச்சுப் பாடம் நடத்தற டீச்சருக்கே படிக்க வரல. அப்படின்னா இது நல்ல எழுத்தா? எந்த நல்ல எழுத்து டீச்சரு கண்ணுக்கு மறையும்?"

கூட்டம் அவர் பக்கம் சாய்வது எனக்குக் காதில் கேட்டது, வண்டி குடை சாய்வதற்கு முன் வரும் கிறீச்சுபோல. டீச்சரின் புடவையைப் பின்னாலிருந்து இழுத்தேன். வேல் என்று சொல்லுங்கள் என்று கிசுகிசுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு ஊர்க்கவுண்டர் பக்கம் திரும்பினார்.

"கவுண்டரே, உங்க காட்டுல இந்த மாதிரி ஓட்டாஞ்சில்லு கெடக்குதுங்களா?"

"கெடக்கும். வரப்பெல்லாம் அதுதான். பாண்டவர் வூட்டுச் சாமானும்பாங்க. ஏர் ஓட்டறப்ப பொறுக்கி வீசறதுதான்."

"மத்தவங்க காட்டுல?"

பலரும் தலையை ஆட்டினார்கள்.

"அப்ப ஒரு உதவி பண்ணுங்க. அவங்கவங்க காட்டு வரப்புல இருக்கறத அவங்கவங்களே பொறுக்கிகினு வாங்க. கண்ணுல பட்டது அத்தனையும். நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

முணுமுணுத்தார்கள். ஆனால் ஊர்க்கவுண்டர் முதலில் எழுந்து போனார். அதனால் எல்லோரும் போனார்கள். டீச்சர் மாதம்மாவை நிழலுக்குக் கூப்பிட்டு, குடையை விரித்துத் தரையில் நட்டு, பக்கத்தில் உட்காரச் சொன்னார். புளியம்பழம் ஒன்று பொத்தென்று விழுந்தது.

திரும்பி வந்தார்கள். துண்டில், கூடையில், சட்டை மடிப்பில். டீச்சர் யாருடையதையும் யாருடையதோடும் கலக்க விடவில்லை. கொண்டுவந்தவர் காலடியிலேயே கொட்டி, தண்ணீர் வாங்கி ஒவ்வொன்றாகக் கழுவிப் பரப்பினார். பெரும்பாலும் வெறும் ஓடு. பிறகு ஊர்க்கவுண்டர் குவியலில் ஒரு விளிம்பு, அதில் அம்பு. இன்னொருவர் குவியலில் ஏணி. மற்றொருவருக்கு மீன் மாதிரி ஒன்று. குறி வந்த குவியல்காரர் ஒவ்வொருவரும் தன்னையறியாமல் ஓரடி பின்னால் போனார். ஒரு கிழவி குனிந்து ஒன்றை எடுத்தார். "இதுலதான நாங்க சில்லு தேய்ச்சு பாண்டி ஆடுவோம். மாதம்மா இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வர்றதுக்கு முன்னாடியே எங்கிட்ட இருந்திச்சே."

தம்பிக்காரர் கடைசியாக, வெறுங்கையோடு வந்தார். "நம்ம காட்டுல ஒண்ணும் இல்ல."

அவருக்குப் பின்னாலேயே அவர் மனைவி வந்து மடியை அவிழ்த்துக் கொட்டினார். கொட்டியதில் ஒரு பெரிய துண்டு உருண்டு வெயிலில் நின்றது. ஏணி, அம்பு, குறுக்கே கோடு போட்ட வட்டம்.

"நீ எதுக்குடி எடுத்தாந்த?"

"அத்தனையும் கொண்டாரச் சொன்னாங்கல்ல" என்றார் அந்த அம்மா, சாதாரணமாக.

டீச்சர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஜெயித்தவர் குரல் இல்லை அது. வகுப்பில் பேசும் அதே குரல்.

"இதையும் எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. எந்தக் காலத்து ஆளுங்க, என்னா கும்பிட்டாங்க, இது பேரா, சாமியா, பானை செஞ்சவரு அடையாளமா, ஒண்ணும் தெரியாது. மாதம்மா வச்சதுன்னு நீங்க சொன்னா, இத்தனையும் மாதம்மாதான் உங்க உங்க காட்டுல வச்சிருக்கணும். அந்த ஆயா பாண்டி ஆடினதையும் சேத்து."

யாரோ சிரித்தார்கள். தம்பிக்காரர் சிரிக்கவில்லை. "அப்ப என் மாடு?" என்றார். கோபம் வடிந்து குரல் வெறுமையாக இருந்தது.

"மாடு போனது பெரிய நஷ்டமுங்க. எதனால போச்சுன்னும் எனக்குத் தெரியாது. மாட்டு டாக்டருக்குத் தெரியலாம். மிச்சமிருக்கறதையாவது காட்டுங்க."

ஊர்க்கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டார். "யாருக்கும் படிக்கத் தெரியாத ஒண்ண வச்சிகினு ஒருத்தர ஊர வுட்டு அனுப்ப முடியாதுப்பா. எந்திரிங்க."

அவ்வளவுதான். ஆனால் நாங்கள் கிளம்புவதற்குள் இன்னொன்று நடந்தது. மூன்று குறியும் இருந்த அந்த இரண்டு துண்டுகளையும் பெண்கள் எடுத்துப் புளியமரத்தின் வேரில் சாய்த்து வைத்தார்கள். ஒருத்தி மஞ்சள் குழைத்துப் பூசினாள். இன்னொருத்தி குங்குமம் வைத்தாள். வாழையிலையில் செய்வினையாகக் கிடந்தது இப்போது சாமியாக நின்றது.

"அக்கா, இப்ப மட்டும் சும்மா இருக்கீங்க" என்றேன். "சாமியான்னும்தான் தெரியாதே."

"படிச்சேன்னு சொன்னாத்தான் பொய். கும்பிடறதுல என்னாடி பொய் இருக்குது?"

சொல்லிவிட்டு அவரும் போய் நின்றார். கண்ணைத் திறந்துகொண்டு, கை கூப்பாமல், வெள்ளிக்கிழமைகளில் நிற்பதுபோல. பக்கத்தில் மாதம்மா நின்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது, அந்தச் சிந்துவெளிக்காரர்கள் எதைத்தான் கும்பிட்டிருப்பார்கள் என்று விடாமல் கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே கரும்பு வண்டிகள் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எதையோ கும்பிட்டிருக்காங்க. அவ்ளோ சின்னக் கல்லுல, அவ்ளோ கவனமா வெட்டின கை, சும்மா வெட்டியிருக்காது." பிறகு சட்டென்று சிரித்தார். "என்று கருதப்படுகிறது."

அடுத்த கோடை விடுமுறையில் அவருக்கு ஊத்தங்கரைப் பக்கம் மாற்றல் வந்தது. பாய் தகரப் பெட்டியைத் தன் சைக்கிளில் கட்டிப் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்தார். பெட்டிமேல் டீச்சர் பெயரை வெட்டியிருந்தார், காசு வாங்காமல். "இந்தப் பேரு யாருதுன்னு எனக்குத் தெரியும்மா" என்றார். டீச்சர் அந்த எழுத்துகளின் பள்ளத்தில் விரலை ஓட்டினார்.

பஸ் கிளம்ப இருந்த நேரத்தில் மாதம்மா ஓடிவந்தார். மஞ்சள் பையில் அவரைக்காய். ஜன்னல் வழியாகப் பையைக் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"டீச்சரம்மா, இனி எப்பப் பாப்பமோ. யாருகிட்டயும் சொல்லமாட்டேன். அதுல என்னாதான் எழுதியிருக்குது? என்னக் காப்பாத்தத்தான தெரியாதுன்னு சொன்னீங்க. கெட்டதா இருந்தாலும் பரவால்ல, சொல்லுங்க. ராத்திரியில படுத்தா அதே நெனப்பாவே இருக்குது."

இத்தனை மாதமாக அந்த அம்மா இதைச் சுமந்திருக்கிறார். நல்லதுதான் எழுதியிருக்கிறது என்று ஒரே வார்த்தை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். டீச்சரின் உதடு அசைந்தது. கம்பியில் இருந்த மாதம்மாவின் கைமேல் தன் கையை வைத்தார்.

"நெசமாவே தெரியாது மாதம்மா. உனக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா நான் சொல்லுவேனா? நல்லதுன்னும் தெரியாது, கெட்டதுன்னும் தெரியாது. என்னிக்காவது யாராச்சும் படிச்சுட்டாங்கன்னா, மொதல்ல உனக்குத்தான் கடுதாசி போடுவேன்."

கண்டக்டர் விசில் ஊதினார். மாதம்மா கூடவே நடந்தார்.

"கடுதாசி வந்தா எனக்கு எங்க படிக்கத் தெரியும்? ஜெயாவும் கட்டிக்கினு போயிடுவாளே."

பஸ் திரும்பியது. டீச்சர் தலையை வெளியே நீட்டி, தூசியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னார்.

"அப்ப நானே நேர்ல வந்து படிச்சுக் காட்டறேன்."